கல்திட்டைக்குக் கூட்டிப்போன ரூல்ஃபின்

ரூல்ஃபின் ஹாடரிங் எங்கள் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியர் அறைக் கதவைத் தட்டிவிட்டாள். நாற்பது தாண்டிய வரலாற்று ஆசிரியை. உயரம் அதிகமில்லை. குரல் மட்டும் எங்கள் ஊர் ஸ்டாட்ஸ்கனால் கால்வாயின் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் கேட்கும். நான் அதே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஏதோ கையெழுத்து வாங்க உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

"மே மாசம் முதலாம் வருஷப் பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போகணும், ஹார்மன். ட்ரௌவன் கல்திட்டை, அப்புறம் போர்கர் கல்திட்டை. ரெண்டே இடம். சைக்கிள்ல."

தலைமையாசிரியர் ஹார்மன் வோல்பெர்ஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பதில் 'முடியாது' என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல இனிமே சுற்றுலாவே கிடையாது. போன வருஷம் நடந்தத யாரும் உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னாங்க. ஒரே நாள்ல அஞ்சு ஊர். பாதி நாள் பஸ்லயே போச்சு. திரும்பி வர்றப்ப ஒரு பொண்ண பெட்ரோல் பங்க்ல விட்டுட்டு வந்துட்டீங்க."

"ஆமா, விட்டுட்டு வந்துட்டோம்."

"தலை எண்ணுனது யாரு?"

வோல்பெர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கால்வாயைப் பார்த்தார். ஒரு படகு போய் முடிகிற வரைக்கும் பார்த்தார்.

"நான்தான்."

"அப்ப இந்தத் தடவை நீங்க எண்ண வேண்டாம்" என்றாள் ரூல்ஃபின்.

நான் சிரிப்பை அடக்கக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தேன். வோல்பெர்ஸுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். பள்ளி நிர்வாகக் குழுத் தலைவி ஆல்ட்யே பூர்மா அம்மையாரை அன்று போர்கர் அருங்காட்சியகத்துக்கு அவரே அழைத்து வருவார். பிள்ளைகள் வரும்போது இருவரும் அங்கே நிற்பார்கள். பார்த்தது பிடிக்காவிட்டால் அதுவே கடைசி.

"வாங்க. நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ரூல்ஃபின் வெளியே போனாள்.

அவளுடைய இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரூல்ஃபினின் அப்பா அம்மா போர்கரை ஒட்டிய நெடுஞ்சாலையில் ஒரு காபிக் கடை வைத்திருந்தார்கள். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் பாறைகளை அடுக்கிக் கட்டிய கல்திட்டையைப் பார்க்க வரும் பஸ்களெல்லாம் அங்கே நிற்கும். சின்ன வயசிலிருந்து அவள் தட்டு எடுத்துக்கொண்டு மேசைகளுக்கிடையே ஓடியவள். பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தே இவர்களுடைய நாள் எப்படிப் போயிற்று என்று சொல்லிவிடுவாளாம். வழிகாட்டி மைக்கில் விடாமல் பேசிக்கொண்டு வந்த பஸ், கழிப்பறைக்கு நிறுத்தாத பஸ், இன்னும் மூன்று இடம் பாக்கியிருக்கிறது என்று அவசரப்படுத்தப்பட்ட பஸ் என்று அவளுக்கு வகை பிரிக்கத் தெரியும்.

"மூத்திரத்த அடக்கிட்டு நிக்கிறவனுக்கு ஐயாயிரம் வருஷமும் ஒண்ணுதான், அம்பது வருஷமும் ஒண்ணுதான், எக்பெர்ட்" என்பாள் என்னிடம். "அவன் காதுல எதுவும் ஏறாது."

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, வேறு ஊர்களில் வேலை பார்த்து, கணவனோடு பிரிந்தபின் சொந்தப் பக்கத்துக்கே திரும்பி வந்திருந்தாள். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். கேட்டால், "அவனுக்கு கடற்கரைதான் பிடிக்கும், எனக்குக் கல்லு பிடிக்கும்" என்று முடித்துவிடுவாள்.

என்னையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். நான் சம்மதம் சொன்னதாக நினைவில்லை. ஒரு சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் மணியடித்தாள், நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.

"வா, வழியப் பாத்துட்டு வருவோம்."

"இந்த மழையிலயா?"

"வெயில்ல போன வாரமே பாத்துட்டேன். மழையில எங்க சறுக்கும்னு பாக்க வேண்டாமா?"

போனோம். கால்வாய்ச் சாலை முடிகிற இடத்தில் செங்கல் பாதை சறுக்கியது. உண்மையிலேயே நான்தான் விழுந்து காட்டினேன். அவள் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, நின்று, மழையில் அது எழுதாது என்று தெரிந்ததும் தன்னையே திட்டிக்கொண்டு, பாதையோர மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். எந்தத் தூக்குப்பாலம் படகுக்காக அடிக்கடி திறக்கும் என்று பாலக்காரரிடம் விசாரித்தாள். எந்தக் கடையில் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போக விடுவார்கள் என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். காற்று வழக்கமாகத் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று.

"காலையில தெம்பா இருக்கும்போது எதிர்காற்று. சாயங்காலம் களைச்சுப்போய் வரும்போது காத்தே தள்ளிட்டு வந்து வீட்டுல விட்டுரும். இதுதான் திட்டம். மத்ததெல்லாம் சில்லறை."

அந்தச் சில்லறையில் ஒன்றுதான் யில்டா. பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு வந்த பெண். அந்த வருஷம் மறுபடி முதலாம் வருஷத்திலேயே இருந்தாள். அவளுடைய அம்மா பிள்ளையை எங்கேயும் அனுப்ப முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரூல்ஃபின் அவர்கள் வீட்டுக்கே போனாள். அன்றும் என்னை இழுத்துக்கொண்டுதான்.

"நீங்க சொல்றது நியாயம்" என்றாள் அந்த அம்மாவிடம். "நானா இருந்தா கதவே திறந்திருக்க மாட்டேன்." பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள். "யில்டா, எனக்கு ஒரு ஆள் வேணும். ஒவ்வொரு இடத்துலயும் தலை எண்ணணும். நீ எண்ணி முடிச்சு 'சரி'ன்னு சொன்னாத்தான் நாங்க கிளம்புவோம். நான் சொன்னாக்கூடக் கிளம்பக்கூடாது."

"வாத்தியாருங்களையும் எண்ணணுமா?"

"அவங்களத்தான் முதல்ல எண்ணணும். தொலைஞ்சு போறது அவங்கதான்."

யில்டாவின் அம்மா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுபடி 'முடியாது' என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்.

பயண நாள் வந்தது. வானம் மேகமூட்டம், காற்று அவள் சொன்ன திசையிலிருந்தே. முதுகில் ரொட்டிப் பை, சைக்கிள் கேரியரில் மழைச்சட்டை என்று பிள்ளைகள் இரண்டிரண்டாகப் போனார்கள். முன்னால் ரூல்ஃபின், கடைசியில் நான். மார்னிக்ஸ் என்று ஒரு பையன். வகுப்புக் கோமாளி. காற்றில் மூச்சு வாங்கினாலும் வாய் மட்டும் நிற்கவில்லை.

"சார், இந்தக் கல்லெல்லாம் அங்கேயேதான இருக்கும்? ஐயாயிரம் வருஷம் நகராதது நாளைக்கு நகர்ந்துருமா? பின்காத்து அடிக்கிற நாள் பாத்துப் போகலாமே!"

"பெடலை மிதிடா."

நடுவில் தூக்குப்பாலம் திறந்து, வரிசை இரண்டாக அறுந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் அவள் சொல்லிவைத்தபடி மரத்தடியில் இறங்கி நின்றார்கள். இந்தப் பக்கத்தில் மாட்டியவர்கள் படகுக்காரருக்குக் கையசைத்தார்கள். பாலம் இறங்கியதும் யில்டா சைக்கிளை விட்டு இறங்கி, விரல் நீட்டி, உதடு அசைத்து எண்ணினாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. "சரி" என்றாள். கிளம்பினோம்.

ட்ரௌவனுக்கு முன்னால் நிலம் கொஞ்சம் மேடேறும். எங்கள் சமவெளிப் பிள்ளைகளுக்கு அது இமயமலை. ஏறி முடித்ததும் மூச்சிரைக்கக் கல்திட்டைக்கு முன்னால் வந்து விழுந்தார்கள். மார்னிக்ஸ் பாறைகளை ஒரு பார்வை பார்த்தான்.

"கல்லு. பாத்தாச்சு டீச்சர். சாப்பிடலாமா?"

"சாப்பிடலாமே" என்றாள் ரூல்ஃபின். தானும் புல்லில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தாள்.

பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். திட்டு விழும் என்று நினைத்திருந்தார்கள். எல்லோரும் சீஸ் ரொட்டியும் சாக்லேட் தூவல் ரொட்டியும் மென்றுகொண்டு, வேறு வேலை இல்லாததால் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்கும் கற்கள், மேலே மூடிபோலப் படுத்திருக்கும் பெரிய கற்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி எழுந்து போய் ஒரு மூடிக்கல்லின் கீழே குனிந்து பார்த்தாள். இன்னொருவன் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். மேலே ஏறக்கூடாது என்பது மட்டும்தான் விதி.

"டீச்சர், இத யாரு மேல தூக்கி வச்சது?"

"யாரு வச்சிருப்பாங்கன்னு நீங்க சொல்லுங்க."

"ராட்சசங்க" என்றான் மார்னிக்ஸ்.

"அந்தக் காலத்துல இந்த ஊர்ல பெரியவங்களே அப்படித்தான் நம்புனாங்க. நீ தனி ஆள் இல்ல. ஆனா ராட்சசன் இல்லேன்னா?"

வாக்குவாதம் ஆரம்பித்தது. குதிரை என்றான் ஒருவன். அப்போது இங்கே வண்டியிழுக்கிற குதிரை ஏது என்றாள் இன்னொருத்தி. ரூல்ஃபின் ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வாங்க. இழுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இதுதான் அவள் ரகசியமாக வைத்திருந்தது. பக்கத்தில் மையரிங் என்ற விவசாயியின் வயல். உருளைக்கிழங்கு போட உழும்போது ஒரு பாறை கிளம்பியிருந்தது. படுத்த மாடு அளவு இருக்கும். அவர் டிராக்டரை வைத்து அதை ஒரு மரச் சறுக்குப் பலகைமேல் ஏற்றிவைத்திருந்தார். முன்னால் உருண்டைக் கட்டைகள் பரப்பியிருந்தன. இரண்டு தடித்த கயிறுகள். வேலியில் சாய்ந்து நின்றவர், "ட்ராக்டர் தர மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார்.

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றான் மார்னிக்ஸ். இழுத்தார்கள். பாறை அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். பாதிப் பேர் வழுக்கி விழுந்தார்கள்.

"என் கணக்குப்படி இது நகரணும்" என்றேன் நான். மனத்துக்குள் ஒருவர் எவ்வளவு எடை இழுப்பார் என்று பெருக்கிப் பார்த்திருந்தேன்.

"பாறைக்கு உன் கணக்கு தெரியாது, எக்பெர்ட்" என்றாள் ரூல்ஃபின்.

ராத்திரி பெய்த மழையில் மண் இளகியிருந்தது. கட்டைகள் உருளாமல் மண்ணுக்குள் புதைந்தன. அதைக் கண்டுபிடித்தது மார்னிக்ஸ். குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "கட்டை முங்குது! கீழ பலகை வேணும்!" மையரிங் கொட்டகையைக் கைகாட்டினார். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பழைய பலகைகளைத் தூக்கிவந்து தண்டவாளம் மாதிரிப் போட்டார்கள். இதற்கெல்லாம் நேரம் பிடித்தது. மறுபடி இழுத்தார்கள். இப்போது பாறை லேசாக முனகியது. ஆனால் நகரவில்லை.

போர்கரில் வோல்பெர்ஸும் பூர்மா அம்மையாரும் எங்களை எதிர்பார்த்த நேரம் ஏற்கனவே கடந்துவிட்டது. நான் ரூல்ஃபினிடம் போனேன்.

"ரூல்ஃபின், கிளம்பலாம். அவர் கண்ணாடியக் கழட்டியிருப்பாரு."

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். சேறு படிந்த முழங்கால்களோடு கயிற்றின் எந்த இடத்தில் யார் நிற்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "போர்கருக்குப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு குரல்கூடப் 'போகலாம்' என்று சொல்லவில்லை.

"இதுக்காகத்தான்யா இவ்வளவு திட்டம் போட்டது" என்றாள் என்னிடம். "இவங்க நகர மாட்டேன்னு நிக்கிற இடம் ஒண்ணு வரணும். வந்துருச்சு. இப்பக் கிளப்பிட்டுப் போனா நானும் அந்த பஸ் வழிகாட்டிதான்."

கைபேசியை எடுத்தாள். அருங்காட்சியகத்துக்கு முதலில் பேசினாள். தாமதமாகலாம் என்று அவர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தாள். அடுத்து வோல்பெர்ஸ். அவர் குரல் எனக்கே கேட்டது.

"எங்க இருக்கீங்க நீங்க? பூர்மா அம்மா இங்க ரெண்டாவது காபி குடிச்சிட்டிருக்காங்க!"

"மூணாவதுக்கு முன்னாடி கிளம்பி வாங்க. மையரிங் வயல். ட்ரௌவன்."

"ரூல்ஃபின், நாம பேசினது..."

"ஹார்மன், நீங்க பிள்ளைங்களப் பாக்க வந்தீங்க. பிள்ளைங்க இங்க இருக்காங்க." வைத்துவிட்டாள்.

கார் வந்து நின்றது. பூர்மா அம்மையார் இறங்கினார், நல்ல செருப்புதான் போட்டிருந்தார். வோல்பெர்ஸ் கறுப்பு ஷூவில் சேற்றுக்குள் இறங்கி வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது. ரூல்ஃபின் நகரவில்லை, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரை வரவிட்டாள்.

அப்போது பிள்ளைகள் இன்னொரு தடவை இழுத்தார்கள். வோல்பெர்ஸ் பார்த்தார். நின்றார். வாயைத் திறந்தார். அவர் சொல்லவந்தது ரூல்ஃபினுக்கு என்று நினைத்தேன்.

"கயித்த இப்படிப் பிடிக்கச் சொன்னது யாரு?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆளுக்கொரு நேரத்துல இழுக்கிறீங்க. கையால இழுக்கிறீங்க. கையால யாராவது இழுப்பானா? முதுகைச் சாய்க்கணும்! குதிகால மண்ணுல ஊணு! டேய் நீ, உயரமானவன், கடைசிக்குப் போ. கயிறு அக்குள்ள இருக்கணும்."

கோட்டைக் கழற்றி பூர்மா அம்மையாரிடம் கொடுத்துவிட்டார், கேட்காமலே. வோல்பெர்ஸ் தெற்கே அஹ்டர்ஹூக் பக்கத்து ஆள். அங்கே கயிறு இழுக்கும் போட்டி என்றால் ஊரே கூடும். இளவயதில் அவர் ஊர் அணியில் இழுத்தவர். எத்தனையோ வருஷம் அவரோடு வேலை செய்தும் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

"நான் 'ஹோ'ன்னு சொல்றப்ப மட்டும். அதுக்கு முன்னாடி ஒருத்தன் இழுத்தாலும் வெளிய அனுப்பிருவேன். அம்மா, நீங்களும் வாங்க."

"நானா?" என்றார் பூர்மா அம்மையார். கோட்டை வேலியில் தொங்கவிட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார். நானும் பிடித்தேன். ரூல்ஃபின் என் முன்னால் நின்றாள்.

"ஹோ!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தோம். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கயிறு கைக்குள் லேசாக இளகியது. பாறை கட்டைகளின்மேல் கரகரவென்று ஒரு முழம் முன்னால் வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மையரிங்கின் கோழிகள் சிதறி ஓடின.

"நிறுத்தாதீங்க! ஹோ!"

வேலி வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் விட்டோம். பின்னால் விடுபடும் கட்டைகளை யில்டாவும் இன்னும் சிலரும் எடுத்து ஓடி முன்னால் போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் எல்லோரும் புல்லில் மல்லாந்து விழுந்தார்கள். வோல்பெர்ஸ் பாறைமேல் உட்கார்ந்து உள்ளங்கையில் எழும்பிய கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவந்ததையே மறந்துபோனவர்போல இருந்தது முகம்.

"அப்ப கல்திட்டை கட்டுனவங்களுக்கும் ஒரு வோல்பெர்ஸ் சார் இருந்திருப்பாரு" என்றான் மார்னிக்ஸ். "கத்துறதுக்கு."

"ஆனா அவங்களுக்கு பலகை அறுக்க ரம்பம் இருந்துச்சா?" என்று கேட்டாள் ஒருத்தி. "அப்புறம் சாப்பாடு? இவ்வளவு பேரும் கல்ல இழுத்தா யாரு விதைப்பா? எதுக்காக இவ்வளவு கஷ்டம்?"

"செத்தவங்களுக்காக" என்றாள் ரூல்ஃபின். அன்று காலையிலிருந்து அவள் சொன்ன முதல் வரலாற்றுப் பாடம் அதுதான். அதற்குமேல் அவள் சொன்னதையெல்லாம் பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்டார்கள். எப்படி இந்த மேட்டு நிலத்தில் முதலில் உழுதார்கள், தங்கள் ஆட்களை எப்படி இந்தக் கற்களுக்குள் பானைகளோடு வைத்தார்கள் என்றெல்லாம். மண்ணில் குந்தியிருந்து, குச்சியால் கோடு போட்டுக்காட்டிச் சொன்னாள். பூர்மா அம்மையாரும் குந்தி உட்கார்ந்து கேட்டார்.

மதியத்துக்குப் பிறகுதான் போர்கர் போனோம். நாட்டிலேயே பெரிய கல்திட்டை அது. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதன் ஓரமாக மெதுவாக நடந்தார்கள். ஒவ்வொரு மூடிக்கல்லின் முன்னாலும் நின்று, இதற்கு எத்தனை பேர், எந்தப் பக்கத்திலிருந்து, கட்டை எங்கே என்று தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அருங்காட்சியகப் பெண்மணி என்னிடம் வந்து, "இவங்கள்லாம் கட்டிட வேலை படிக்கிற பிள்ளைங்களா?" என்று கேட்டார்.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. பிள்ளைகள் பாடிக்கொண்டே மிதித்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுத் தெருவில் கழன்று போனார்கள்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லோரும் வோல்பெர்ஸைக் கேலி செய்தோம். கையில் பிளாஸ்திரியோடு காபி ஊற்றிக்கொண்டிருந்தவர் கேலியைக் கண்டுகொள்ளவில்லை. நேராக ரூல்ஃபினிடம் போனார்.

"பூர்மா அம்மா கேக்குறாங்க, அடுத்த வருஷம் எங்கேன்னு."

"பூர்மா அம்மா கேக்குறாங்களா, நீங்க கேக்குறீங்களா?"

"சரி, நான்தான் கேக்குறேன்."

"பூர்டாங்க கோட்டை. நட்சத்திரம் மாதிரி அகழி வெட்டின கோட்டை. முற்றுகை போட்டவன் பக்கம் பாதிப் பேர், உள்ள இருக்கிறவன் பக்கம் பாதிப் பேர்னு பிரிச்சு விடலாம்னு யோசிக்கிறேன். ஆனா வழி தெரியல. சனிக்கிழமை போய்ப் பாக்கணும்."

"எக்பெர்ட்டோடயா?"

"அவன் விழுந்துருவான். துணைக்கு வேற ஆள் கிடைச்சா நல்லது."

சனிக்கிழமை காலை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கால்வாய்க் கரையில் ரூல்ஃபின் சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வோல்பெர்ஸ், தலையில் மழைத்தொப்பி, சட்டைப்பையில் காற்றடிக்கும் பம்பு துருத்திக்கொண்டிருக்க, அவளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். "மெதுவாப் போங்க!" என்று அவர் கத்துவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஏதோ பதில் கத்தினாள். காற்று அதை முன்னால் அள்ளிக்கொண்டு போனதால் என்ன சொன்னாள் என்று புரியவில்லை.